எட்டு வயதுப் பையன், டிஸ்பிராக்ஸியா: கவனக் குறைவு பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன மாதம்தான் டிசிடி, அதாவது டிஸ்பிராக்ஸியா (கை, கால் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் சிரமம்) என்று சொன்னார்கள். சட்டைப் பட்டன் போடுவதற்குள் பள்ளி வேன் போய்விடுவது எல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. புரியாதது அவன் கவனம்தான். "பையை வை, கை கழுவு, டிபன் பாக்ஸை சிங்கில் போடு" என்றால் பையை வைத்துவிட்டு நடுக்கூடத்தில் அப்படியே நிற்கிறான். வாய்க்கணக்கு கேட்டால் டக்கென்று விடை வருகிறது; அதையே நோட்டில் எழுதச் சொன்னால் கட்டத்துக்குள் எண்ணை அடக்குவதிலேயே மூளை முழுக்கச் செலவாகி, கணக்கு பாதியில் மறந்துபோகிறது. டீச்சர் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார் (நானும் முன்பு அப்படித்தான் திட்டினேன், என்ன செய்ய).

இப்படிப்பட்ட குழந்தைகள் பலருக்கு ஏடிஎச்டியும் (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) சேர்ந்தே இருக்கும் என்று தெரபிஸ்ட் சொன்னார். இது ஏடிஎச்டியா, இல்லை கை வேலைக்கே தெம்பு தீர்ந்துபோவதா என்று உங்கள் வீட்டில் எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள்? தனியாகப் பரிசோதனை செய்தீர்களா?

அப்புறம், 'இலக்கு, திட்டம், செய், சரிபார்' என்று குழந்தையே யோசித்துச் செய்யும் கோ-ஆப் முறையைத் தமிழில் யாராவது பழக்கியிருக்கிறீர்களா? ஷூ லேஸுக்கு முயன்றோம், 'திட்டம்' வரும்போதே அழுதுவிட்டான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், கற்றல் குறைபாட்டின் கீழ் டிஸ்பிராக்ஸியாவின் பெயரும் இருக்கிறது. அதைக் காட்டிப் பள்ளியில் கூடுதல் நேரம் வாங்கியவர்கள், என்ன சான்றிதழ் கேட்டார்கள் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

ஞாபகசக்தி லேகியம் விற்பவர்கள் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், ப்ளீஸ்.