நாளை காலை கசடு லாரி வருகிறது

சரவணன்: நாளை காலை 7 மணிக்கு லாரி வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு. மேட்டு வயலில் கொட்டச் சொல்லியிருக்கிறேன். கேட் சாவி யாரிடம்?

மல்லிகா: என்ன கசடு

சரவணன்: கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்குவது. காய வைத்து உரமாகக் கொடுக்கிறார்கள்.

மல்லிகா: சாக்கடையா?? சின்ன அண்ணா, அங்கேதானே கீரை போடுகிறீர்கள்

தினேஷ்: சாவி அப்பாவிடம்

ராமலிங்கம்: என்னிடம் இல்லை. மோட்டார் பார்க்க வந்தவன் வாங்கிப் போனான். அவனை அனுப்பியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரவணன்: அண்ணா, அதை இப்போது கிளற வேண்டாம்.

கயல்: சித்தப்பா, லாரியை நாளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கசடே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நன்றாகவே உண்டு, மண்ணும் பொலபொலவென்று ஆகி ஈரம் பிடிக்கும், சாம்பல் சத்து மட்டும் குறைவு, அது தண்ணீரோடு போய்விடுகிறது. ஆனால் அங்கே சுத்தமாவது தண்ணீர். அதிலிருந்த கிருமி, குடற்புழு முட்டை, காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகம் இவற்றில் பெரும்பகுதி கசடில்தான் வந்து தங்கும். அதனால் கசடைத் தனியாகப் பக்குவம் செய்தார்களா என்று கேட்க வேண்டும்.

சரவணன்: கையில் எடுத்துப் பார்த்தேன் கயல். நாற்றமே இல்லை.

மல்லிகா: கையிலா!

கயல்: நாற்றத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது சித்தப்பா. புழு முட்டை மண்ணில் நெடுநாள் பிழைத்துக் கிடக்கும். அமெரிக்காவில் 1993இல் போட்ட விதியில், நீளமாகக் குவித்து மக்க வைத்தால் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாளாவது சூடு நிற்க வேண்டும், அதற்குள் 5 முறை புரட்டவும் வேண்டும் என்று இருக்கிறது. அப்படிச் செய்தது முதல் தரம். இரண்டாம் தரத்தில் கிருமி குறைந்திருக்கும், அவ்வளவுதான். அதைப் போட்டால் மண்ணைத் தொட்டு விளையும் கீரை, காய்கறிகளை 14 மாதம் அறுக்கக் கூடாது. முள்ளங்கி, கிழங்கு என்றால் 20 மாதம். கசடு போட்டு 4 மாதம் ஆவதற்குள் உழுது மூடிவிட்டால் அதற்கே 38 மாதம்.

தினேஷ்: 38ஆ

ராமலிங்கம்: மூடினால் நல்லதுதானே, ஏன் கூடுகிறது?

கயல்: மேலே கிடந்தால் வெயிலிலும் வறட்சியிலும் கிருமி சாகும் பெரியப்பா. மண்ணுக்குள் போனால் தங்கிவிடும்.

ராமலிங்கம்: சரி. மல்லிகா, மாப்பிள்ளை கண் டாக்டரிடம் போனாரா?

மல்லிகா: அடுத்த வாரமாம். கேட்டால் கோபம்

சரவணன்: தரம் எது என்று அவர்கள் சொல்லவில்லை. நல்ல உரம் என்றார்கள்.

கயல்: பரிசோதனை அறிக்கை இல்லாமல் இறக்க வேண்டாம். கிருமி, புழு முட்டை, உலோகம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். அந்த விதியில் முதல் தரத்துக்குக் காய்ந்த கசடு ஒரு கிராமில் மலக் கோலிஃபார்ம் என்ற குடல் கிருமி 1000க்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல கசடு என்றால் கிலோவுக்குக் காட்மியம் 39 மில்லிகிராம், ஈயம் 300, அதற்கு மேல் போகக் கூடாது. தொழிற்சாலைத் தண்ணீர் அந்த நிலையத்துக்கு வருகிறதா என்பதையும் கேளுங்கள். சில ரசாயனங்கள் மக்க வைத்தாலும் அழியாது. அதற்குப் பயந்துதான் அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் 2022இல் கசடை வயலில் போடவே தடை போட்டார்கள். அப்புறம் நம் மண் அமில மண்ணா என்று பார்க்க வேண்டும், அமில மண்ணில் காட்மியம் செடிக்குள் எளிதாக ஏறும், கீரை அதை நன்றாகவே இழுக்கும்.

ராமலிங்கம்: மண்ணைப் பார்க்கச் சொல்லி உன் அப்பா தலையால் அடித்துக்கொண்டான். யார் கேட்டோம்.

சரவணன்: அப்போது போர்வெல் போட வேண்டும் என்று நின்றது நீங்கள்.

மல்லிகா: ஆரம்பித்துவிட்டார்கள்

தினேஷ்: கயல் அக்கா, தோப்பில் போடலாமா?

கயல்: மரத்துக்குப் பரவாயில்லை. மண்ணில் படாமல் மேலே காய்ப்பதற்கு இரண்டாம் தரத்திலும் 30 நாள் இடைவெளிதான். விழுந்த காயை மட்டும் பொறுக்கக் கூடாது. மாட்டையும் 30 நாள் விடக் கூடாது. கிணற்றுப் பக்கம் கொட்டக் கூடாது, மழைக்கு முன்னால் போடவே கூடாது.

ராமலிங்கம்: தோப்பு என் பங்கு. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சரவணன்: கேட்கத்தானே குழுவில் போட்டேன். லாரிக்காரர் போனை எடுக்கவில்லை, விடியற்காலை கூப்பிடுகிறேன்.

கயல்: அதற்குள் வந்துவிட்டால் கிணற்றுக்குத் தள்ளி மேட்டில் இறக்கித் தார்ப்பாயால் மூடுங்கள். கையுறை போடாமல் தொட வேண்டாம். மண் மாதிரி நான் எடுக்கிறேன்.

ராமலிங்கம்: அறிக்கை வரட்டும். தோப்பை அப்புறம் நேரில் பேசலாம்.

மல்லிகா: நேரில் என்றால் நானும் வருவேன்