கிழக்கா, மேற்கா? தாம்பரத்தில் கால் வைத்த கதைகள்

சேலையூர்வாசி:
1993. திருநெல்வேலியிலிருந்து மீட்டர்கேஜ் ரயில். "எழும்பூர் வரைக்கும் போகாதே, தாம்பரத்திலேயே இறங்கிடு" என்று மாமா இன்லேண்டு லெட்டரில் எழுதியிருந்தார். விடியாத நேரத்தில் ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் முறுக்கு டின்னோடு இறங்கி, போர்ட்டர் ஒருத்தரிடம் முகவரிச் சீட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "கிழக்கா, மேற்கா?" என்றார்.

மாமா அதை மட்டும் எழுதவில்லை. நான் முழிப்பதைப் பார்த்து, "உக்காரு தம்பி. வெளிச்சம் வரட்டும். சூரியன் வர்ற பக்கம் கிழக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். பீச் ஸ்டேஷனுக்குப் போகும் முதல் வண்டிகளைப் பிடிக்க ஜனம் ஓடியது. இந்தத் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த மீட்டர்கேஜ் மின்சார வண்டிகள் 2004-ல் நின்றபோது கடைசியாக ஒருமுறை ஏறிப் போய்விட்டு வந்தேன். தண்டவாளமும் ஜி.எஸ்.டி. ரோடும் ஊரை இரண்டாக வகுந்துவிட்டதால் இங்கே முகவரி கேட்டால் இன்றைக்கும் முதல் கேள்வி அதுதான்.

உங்களுக்கெல்லாம் முதல் நாள் எப்படி? முழுசா எழுதுங்க.

கடப்பேரி ரூம் நம்பர் 4:
எனக்குத் திண்டிவனம் பக்கம். 2006-ல் மெப்ஸ்ல, அதான் தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துல, வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னதும் எங்க ஆயா ஒரே அழுகை. "சானடோரியமா? சீக்காஸ்பத்திரி ஊராச்சேடி!" டாக்டர் சௌரி முத்து 1928-ல காசநோய்க்குன்னு கட்டின ஆஸ்பத்திரி அது. ஸ்டேஷனுக்கும் அந்தப் பேரே நின்னுடுச்சு. ஆயா காலத்துல அங்க போனவங்க திரும்பி வர்றது அபூர்வமாம். 1984-ல பக்கத்திலேயே இந்த வளாகம் வந்தது, ஆயிரக்கணக்கான பொண்ணுங்க அங்க சம்பாதிக்கிறாங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சாகிற வரைக்கும் என் ரூமுக்கு ஒரு தடவைகூட வரல.

கடப்பேரியில ஒரு ரூம்ல அஞ்சு பேர். நான் சட்டைக்குக் காலர் தைக்கிற செக்‌ஷன். சாயங்காலம் கேட்டை விட்டு வெளியே வந்தா ரோட்டோரம் கொய்யா, நைட்டி, கவரிங் கம்மல்னு தனிச் சந்தையே இருக்கும். அதுல பூக்கார அக்கா ஒருத்தங்க. பேரு கேக்க மாட்டாங்க. கழுத்துல தொங்குற கார்டோட கயிறைத்தான் பார்ப்பாங்க. நீலக் கயிறுன்னா ஏழாம் தேதி சம்பளம், சிவப்புன்னா பத்து. அதுக்குத் தகுந்த மாதிரிதான் கடன். நான் கம்பெனி மாறி பச்சைக் கயிறோட போன அன்னைக்கு, "இது என்னைக்குப் போடுவான்?"னு கேட்டுட்டு அப்புறம்தான் முழம் அளந்தாங்க. எந்த பேங்க்லயும் என்னை அவ்வளவு சரியா விசாரிச்சதில்லை.

பல்லாவரம் பாய்:
தாம்பரம் தாம்பரம்னு எழுதுறீங்க. 2021-ல தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு அஞ்சு நகராட்சி, அதோட அஞ்சு பேரூராட்சி, எல்லாத்தையும் சேர்த்து 70 வார்டுக்கு மாநகராட்சி ஆக்கினாங்க. பேரு மட்டும் தாம்பரம். எங்களைக் கேட்டா பல்லாவரம்னுதான் வெச்சிருப்போம். இந்தியாவில முதன்முதலா அடையாளம் கண்ட பழைய கற்காலக் கல்லாயுதம் எங்க ஊர்லதான் கிடைச்சது. 1863, ராபர்ட் புரூஸ் ஃபூட். வெள்ளிக்கிழமை சந்தையில பழைய சாமான் கிடைக்காம போகுமா? நான் தேடிப் போன மிக்ஸி மூடி மூணாவது வாரம் கிடைச்சது. எங்க வீட்டு மூடியேதான். ஓரத்துல அதே வெட்டு.

முடிச்சூர் அம்மா:
எங்க கதை சிரிக்கிற கதை இல்லை. 2009-ல மனை பார்க்க வந்தோம். விற்கிறவர் காரிலேயே அழைச்சிட்டு வந்தார். "மேட்டு நிலம்மா, கிணத்துத் தண்ணி இளநீர்"னார். தண்ணி நிஜமாவே இளநீர்தான், அதுல பொய் இல்லை. மனையில கோரைப்புல் இடுப்பளவு நின்னது. மாடு மேய்ச்சிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் என் வீட்டுக்காரரைத் தனியா கூப்பிட்டு, "ஐயா, இது உள்வாய்" என்றார். நாங்க மதுரை டவுன்ல பொறந்து வளர்ந்தவங்க. ஏரிக்குள்ள தண்ணி நிக்கிற இடத்தைத்தான் உள்வாய்னு சொல்லுவாங்கன்னு எங்களுக்கு எங்க தெரியும்? வாய்க்கா ஏதோ பக்கத்துல இருக்கு போலன்னு நினைச்சுக்கிட்டோம். கோரை எங்கே முளைக்கும்னு கிராமத்துல எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும்.

2015 டிசம்பர் 1. ஒரே நாள்ல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. ஆதனூர்ப் பக்கமிருந்து வர்ற அடையாறு, அதுக்கு மேல ஏரி ஏரியா வழிஞ்ச தண்ணி, எல்லாம் ஒண்ணாச் சேர்ந்தது. ராத்திரி முதல்ல பாத்ரூம் ஓட்டை வழியாத்தான் வந்தது, தெரு வழியா இல்லை. குளுகுளுன்னு ஒரு சத்தம். மாமியார் எழுந்து, "யாரு குழாயைத் திறந்து விட்டது?"ன்னு கேட்டாங்க. விடியும்போது கீழ்வீட்டு ஜன்னல் மறைஞ்சு போச்சு. ரெண்டு நாள் மாடியில பதினாறு பேர், பக்கத்து வீட்டு நாய் ஒண்ணு. மூணாம் நாள் படகு வந்தது. படகுல ஏறும்போது மாமியார் வீட்டுச் சாவியை இடுப்புல பத்திரமா செருகிக்கிட்டாங்க. கதவே இல்லாத வீட்டுக்குச் சாவி.

ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்கன்னு கேக்காதீங்க. லோன் 2029 வரைக்கும் இருக்கு. அந்தப் பெரியவரை அப்புறம் தேடினேன். மாடும் இல்லை, அவரும் இல்லை, மேய்ச்ச இடத்துல இப்போ மூணு தெரு.

தறிக்காரர் மகன்:
நான் வந்து சேர்ந்தவன் இல்லை, அனகாபுத்தூரிலேயே பிறந்தவன். தாத்தா நெய்த கட்டம் போட்ட துணி கப்பலேறி நைஜீரியாவுக்குப் போகும். ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்று பெயர். எழுபதுகளில் அந்த வியாபாரம் படுத்தது. இப்போது ஊரில் சிலர் வாழைநாரில் புடவை நெய்து பேர் வாங்குகிறார்கள். எங்கள் வீட்டுத் தறிக்குழியை மூடிச் சிமெண்ட் பூசி, அதன்மேல் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறோம். அப்பா மட்டும் ராத்திரி தண்ணீர் குடிக்க வரும்போது அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் வருவார்.

பெருங்களத்தூர் டீக்கடை:
நான் 2001-லேர்ந்து ரோட்டோரம் டீ ஆத்தினவன். தென்மாவட்டத்துக்காரங்க அத்தனை பேரும் என் கடை வாசல்லதான் பஸ் ஏறினாங்க. பொங்கலுக்கு முந்தின ராத்திரி வந்து பார்த்திருக்கணும். "திருச்சி மதுரை, திருச்சி மதுரை"ன்னு கண்டக்டர் கத்த, பிள்ளையை ஜன்னல் வழியா உள்ளே போட்டு சீட் பிடிப்பாங்க. அந்த ஒரு ராத்திரிக்கு 60 லிட்டர் பால் போதாது. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கத்துல பஸ் நிலையம் திறந்தாங்க. அடுத்த பொங்கலுக்குப் பழக்கதோஷத்துல 60 லிட்டர் வாங்கி வெச்சேன். 40 லிட்டரைத் தயிராக்கித் தெரு முழுக்க வித்தேன். ஒரு விஷயம் சொல்லணும், ரோட்டுல நிம்மதியா மூச்சு விட முடியுது. குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா கல்லா நிறையல.

கடப்பேரி ரூம் நம்பர் 4:
அண்ணா, உங்க கடையிலதான் நாங்க ஊருக்குப் போறப்ப நின்னு குடிச்சிருப்போம். பிஸ்கட் பாட்டில் மேல முருகர் படம் ஒட்டின கடையா?

பெருங்களத்தூர் டீக்கடை:
அதேதான்மா. படம் இருக்கு, பாட்டில் உடைஞ்சுடுச்சு.

பல்லாவரம் பாய்:
சேலையூர் சார், கடைசியில மாமா வீடு எந்தப் பக்கம்னு சொல்லவே இல்லையே?

சேலையூர்வாசி:
கிழக்கு. எனக்கு எங்கே பொறுமை? விடியிற வரைக்கும் உட்காராமல், ஜனம் இறங்கிப் போன பக்கமே நானும் போய்விட்டேன். அது மேற்கு. சண்முகம் சாலை மார்க்கெட்டில் லாரியிலிருந்து தக்காளிக் கூடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா சாக்கை விரித்துக் கத்தரிக்காயைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார். வழி கேட்டேன். "வந்த வழியே போய் தண்டவாளத்தைத் தாண்டுப்பா" என்றவர், பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஊர்லேர்ந்து வர்றியா? அந்த டின்ல என்ன?" என்றார். ரெண்டு முறுக்கு எடுத்துக் கொடுத்தேன். மாமா வீட்டில் டின்னைத் திறந்தபோது பாதிதான் இருந்தது. வழியில் மூன்று பேரிடம் வழி கேட்டிருந்தேன்.