கிராவிட்டி சர்வே ஆழம் போர்வெல்லோடு ஒத்துப்போகலை, அவசர உதவி!

மணல்மேடு:
மேற்கு நெவாடா பள்ளத்தாக்கு. கிராவிட்டி லைன் போட்டு (புவியீர்ப்பை வரிசையா அளந்து) வண்டலுக்கு அடியில் பாறை ஆழம் கணக்குப் போட்டா 1190 மீட்டர் வருது. நடுவில் இருக்கிற போர்வெல்லில் 690-லயே பாறை. எங்கே தப்பு? நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும்.

கருங்கல்:
ரெசிடுவல் (சுத்துப்புறப் பொதுப் போக்கைக் கழிச்சபின் மிஞ்சுற ஈர்ப்பு மாற்றம்) எத்தனை மில்லிகால் (ஈர்ப்பின் அலகு)? பாறைக்கும் வண்டலுக்கும் அடர்த்தி வேறுபாடு? அகலம்? 690-ல் வந்தது பாசால்ட்டா? அதுக்குக் கீழே மறுபடி வண்டல் இருந்தா உங்க 1190 சரியாகவே இருக்கலாம்.

மணல்மேடு:
மைனஸ் 20. வேறுபாடு 0.4 (கிராம்/கன செ.மீ.), அடிவரை அதேதான். அகலம் 12 கி.மீ. கட்டிங்ஸ் (துளை போடும்போது வந்த பாறைத் துண்டுகள்) கிரானைட்.

ஸ்பிரிங்:
டிரிஃப்ட்தான் (மீட்டர் ரீடிங் தானா நகருறது). ஜீப் குலுக்கலில் மீட்டர் ரீடிங் தாவும். பேஸ் ஸ்டேஷனுக்கு (ஒப்பிட வச்ச நிலையான இடம்) 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பினீங்களா?

நிலவியலான்:
அடிப்படை தெரியாம லைன் போட்டா இப்படித்தான். டெரெயின் கரெக்‌ஷன் (சுத்தியிருக்கிற மேடு பள்ளத்தோட ஈர்ப்புக்கான திருத்தம்) செஞ்சிருக்க மாட்டீங்க. முதல்ல பாடம் படிங்க தம்பி.

அளவுகோல்:
டெரெயின் கரெக்‌ஷன் எப்பவும் கூட்டல்தான், மலையோரத்தில்தான் அதிகம். சேர்த்தா பள்ளம் இன்னும் ஆழமாத்தான் தெரியும். டிரிஃப்ட்டும் இவ்வளவு வராது.
நெவாடாவுக்கு ஜேக்கன்ஸ், மோரிங் 1990-ல் வச்ச அடர்த்தி வேறுபாட்டு அடுக்கைப் போடுங்க: 200 மீட்டர் வரை 0.65, 600 வரை 0.55, 1200 வரை 0.35, அதுக்குக் கீழே 0.25. ஒவ்வொரு அடுக்கோட தடிமனையும் வேறுபாட்டையும் பெருக்கிக் கூட்டி, ஸ்லாப் (தட்டையான பலகைன்னு எடுத்துக்கிற) எண் 0.0419-ஆல் பெருக்கினா 690 மீட்டருக்கு 16 மில்லிகால்தான் வருது. மிச்சம் 4 எங்கிருந்து? அளந்த இடங்களோட உயரம் எதில் எடுத்தீங்க?

மணல்மேடு:
பள்ளத்தாக்கு உள்ளே நாங்க எடுத்த ஜிபிஎஸ். மலையோரம் பழைய பொது டேட்டா.

அளவுகோல்:
அங்கேதான் கோளாறு. ஜிபிஎஸ் கொடுக்கிறது எலிப்சாய்டு (பூமியின் கணித வடிவம்) மேலிருந்து உயரம், பழைய டேட்டா கடல்மட்ட உயரம். அந்தப் பக்கம் ஜியாய்டு (கடல்மட்டப் பரப்பு) எலிப்சாய்டை விட 20 மீட்டருக்கும் அதிகமா கீழே இருக்கு. மீட்டருக்கு 0.1967 வீதம் 22 மீட்டருக்கு 4.3 மில்லிகால் குறையும். ரெண்டு டேட்டாவும் சேருற இடத்தில் ப்ரொஃபைலில் படி தெரியுதா பாருங்க.

நிலவியலான்:
உயரத் திருத்தத்தில் வண்டல் மேல பாறை அடர்த்தி 2.67 போட்டதே தப்பு. 2.0 போடணும்.

கருங்கல்:
வேறுபாட்டை 2.67-லிருந்துதானே அளக்கிறோம்? தரை 1200 மீட்டர் உயரம்னா 2.0 போட்டதும் உள்ளே மட்டும் 34 மில்லிகால் ஏறும். பள்ளம் மேடாயிடும்.

நிலவியலான்:
நெட்டில்டன் முறையில் (தரை உயரத்தோடு ஈர்ப்பு ஒட்டாம வர்ற அடர்த்தியைத் தேர்ந்தெடுக்கிறது) அடர்த்தி எடுத்துப் பழகினவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

கருங்கல்:
நெட்டில்டன் முறை சின்ன மேடு பள்ளத்துக்கு. பாறை ஆழத்தோடேயே உயரமும் மாறுற இடத்தில் ஏமாத்தும்.

மணல்மேடு:
படி இருந்தது. ஜியாய்டு சரிபண்ணி அடுக்கும் போட்டேன், 670. நன்றி.

அளவுகோல்:
670-னு ஒத்தை எண்ணா கொடுக்காதீங்க. எல்லா அடுக்கிலும் வேறுபாடு 0.05 மாறினாலே ஆழம் 80லிருந்து 110 மீட்டர் வரை நகரும். அந்த வரம்பை ரிப்போர்ட்டில் போடுங்க.