அலாய் வீலை விட்டுப் போகாத பிரேக் தூசி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கோவை டீசல்

செகண்ட் ஹேண்ட் கார், ஐரோப்பியத் தயாரிப்பு. முன் வீல் கருப்பு பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. வித்தவர் அப்பவே சொன்னார், "சார், அது அழுக்கு இல்ல, கன்மெட்டல் ஷேடு, கருஞ்சாம்பல் பெயிண்ட்." ஷாம்பு, பிரஷ் எதுக்கும் அசையல. ஆனா பின் வீல் ரெண்டும் நல்ல சில்வர். ஒரே காருக்கு ரெண்டு ஷேடா?

போன ஞாயித்துக்கிழமை அயர்ன் ரிமூவர், அதான் இரும்புத் துகளைக் கரைக்கிற ஸ்ப்ரே, அடிச்சேன். முதல்ல ஒண்ணுமே ஆகல. பாட்டிலை மூடப் போறேன், ஸ்போக் இடுக்குல இருந்து ஊதாவா ஒரு கோடு இறங்குது. அப்புறம் போல்ட் குழியில இருந்து இன்னொண்ணு. பார்த்துட்டு இருக்கும்போதே வீல் முழுக்க ஊதா, போர்டிகோ டைல்ஸும் ஊதா. வீட்டுக்காரம்மா ஜன்னல்ல மூக்கைப் பொத்திட்டு, "ஏனுங்க, பார்லர்ல முடி சுருட்டற மருந்து வாசம் வருது?"ன்னாங்க. தண்ணி அடிச்சதும் உள்ளுக்குள்ள அதே சில்வர். வித்தவருக்கு போட்டோ அனுப்பினேன். பதில்: "அப்ப பெயிண்ட் போயிருக்கும் சார்."

அந்த ஒரு வரிதான் இன்னும் குடையுது.

பெரம்பூர் வெள்ளை

வீட்டம்மா சொன்னது சரிதான். முடி சுருட்டுற மருந்துலயும் இதுலயும் இருக்கிறது தயோகிளைகோலேட் வகை. இரும்போட சேர்ந்தா ஊதா ஆகும். அழுக்குன்னு நாம சொல்றது பாதிக்கு மேல பிரேக் டிஸ்க்ல இருந்தும் அதை அழுத்திப் பிடிக்கிற பேட்ல இருந்தும் தேஞ்சு வந்த இரும்புத் துகள். சூட்டோட பறந்து வந்து பெயிண்ட் மேல இருக்கிற கிளியர் கோட்ல குத்தி உட்கார்ந்துடும், அங்கேயே துருப்பிடிக்கும். ஷாம்பு என்ன பண்ணும் பாவம்?

என் கதை வீலோட நிக்கல. தண்டவாளத்துக்குப் பக்கத்துல பார்க்கிங், வெள்ளைக் கார். பானட், ரூஃப் எல்லாம் ஆரஞ்சுப் புள்ளி. ஒரு பெயிண்டர் பார்த்துட்டு, "தகடு உள்ளுக்குள்ள துருப்பிடிச்சிருக்கு, ஃபுல் பெயிண்ட் அடிக்கணும்"னார். பிளாஸ்டிக் பம்பர்லயும் அதே புள்ளி இருந்தது. பிளாஸ்டிக் எப்படிண்ணே துருப்பிடிக்கும்னு கேட்டேன். பம்பரையே கொஞ்ச நேரம் பார்த்தார், "டீ சாப்பிட்டு வரேன்"னு போனார். வரவே இல்ல. ரிமூவர் அடிச்சதுல ரூஃப் முழுக்க ஊதாப் பொட்டு. ரயில் பிரேக் தூசி!

காரவள்ளி கட்

கொல்லிமலை இறங்கி வந்தா என் வீல் கரி. 70 கொண்டை ஊசி, சும்மாவா? போன தடவை அடிவாரத்துல டீக்கு நிறுத்தினேன். ஒரு பையன், நான் கேக்கவே இல்ல, "அண்ணா, வீல் கருப்பா இருக்கு"ன்னு ஒரு வாளித் தண்ணியை முன் வீல் மேல ஊத்திட்டான். 'சொய்ங்'னு ஒரு சத்தம், ஆவி கண்ணாடி வரைக்கும் ஏறுச்சு. டீக்கடையில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அதுல இருந்து நூறுல போய் பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் உதறுது. டிஸ்க் வளைஞ்சு போச்சு.

அதனால சொல்றேன். மலை இறங்கும்போது பிரேக்லயே காலை வச்சுட்டு வராதீங்க. ஏறின கியர்லயே இறங்குங்க. ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுக்கு மாத்திக்கங்க. நியூட்ரல்ல இறங்கி டீசல் மிச்சம் பிடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு பத்திட்டு வரும். இன்ஜின் பிடிமானமே இல்லாம முழு வண்டியையும் பேட்தான் தாங்கணும். கருகின வாடை வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. நின்ன உடனே ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீங்க, கியர்ல போட்டு டயருக்குக் கல்லு வைங்க. பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, அது ஈரத்தை இழுக்கிற சமாச்சாரம். பிரேக்கை இப்படிக் கம்மியா தொட்டாலே கருப்பும் குறையும்.

கோவை டீசல்

அண்ணா, நான் ஊட்டி கூட போறதில்லைங்க. காந்திபுரம் சிக்னல்தான்.

வாட்டர் வாஷ் 90

நான் வாஷ் கடை வச்சிருக்கேன். ஆளாளுக்கு ரிமூவர் ரிமூவர்ங்கறீங்க. அந்த பாட்டில் விலைக்கு கஸ்டமர் முழு வண்டியையும் கழுவச் சொல்வான். ஒருத்தர் வந்தார், கல்யாணத்துக்குப் போற அவசரம், "பத்து நிமிஷத்துல வீல் வெளுக்கணும்"னு நிக்கிறார். டாய்லெட் ஆசிட்ல தண்ணி கலந்து ஒரு இழுப்பு, பளிச். கையில நூறு ரூபா திணிச்சுட்டுப் போனார். உடனே கழுவிட்டா ஒண்ணும் ஆகாது.

டயமண்ட் கட்

ஒண்ணும் ஆகாதா? உங்களை மாதிரி ஒரு கடையிலதான் என் வீலுக்கும் அந்த 'ஒரு இழுப்பு'. அன்னிக்குப் பளிச்தான். ஒரு மழைக்காலம் போச்சு, வீல் மேல இருக்கிற லேக்கர் பூச்சுக்கு அடியில வெள்ளையா புழு ஊர்ந்த தடம். ரிம் ஓரத்துல கல்லு பட்ட இடத்துல ஆரம்பிச்சு ஸ்போக் வரைக்கும் போயிருக்கு. நகத்தால நெருடினா லேக்கர் செதிலா உரியுது. ரோட்ல நடந்து போறப்ப அடுத்தவன் வீலைக் குனிஞ்சு பார்க்கிற வியாதி எனக்கு அன்னிக்கு வந்தது.

டாய்லெட் ஆசிட்ல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக். லேக்கர் விட்ட இடத்துல அலுமினியத்தைத் தின்னும். காஸ்டிக் கலந்த டிகிரீசரும் (எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிறது) அதே வேலையைப் பண்ணும். இதைவிட மோசம், ஹைட்ரோஃபுளோரிக் கலந்த வீல் ஆசிட். தோல்ல பட்டா முதல்ல வலி கூட தெரியாமப் போகலாம், உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் போகும். உங்க கடைப் பசங்க க்ளவுஸ் போடுறாங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க.

காரவள்ளி அண்ணன் டிஸ்க்கும் வளைஞ்சிருக்காது. சூடா இருந்த பேட் உருகி டிஸ்க்ல ஒரே இடத்துல அப்பிட்டுப் போனாலும் ஸ்டீயரிங் அப்படித்தான் உதறும். புது டிஸ்க் வாங்குறதுக்கு முன்னாடி கழட்டி அளந்து பாருங்க.

காரவள்ளி கட்

ஆவி வந்ததை நான் கண்ணால பார்த்தேன் தம்பி.

சார்ஜ் ஏத்தியாச்சு

எலக்ட்ரிக் வாங்குங்க, விஷயம் முடிஞ்சுது. ஆக்சிலேட்டர்ல காலை எடுத்தா மோட்டாரே வண்டியைப் பிடிச்சுடும், பேடுக்கு வேலை கம்மி. என் முன் வீலைத் துடைச்ச துணி வெறும் மண் கலர்லதான் வந்தது. ஐரோப்பாவுல யூரோ 7ங்கற வண்டி மாசு விதியில பிரேக் தூசிக்கே வரம்பு போட்டுட்டாங்க. 2026 நவம்பர் கடைசியில இருந்து புது மாடல்களுக்கு வருது. பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு எலக்ட்ரிக்னா 3.

பெரம்பூர் வெள்ளை

அவர் வீல் கருப்பைப் பத்திப் பேசினா நீங்க காரையே மாத்தச் சொல்றீங்க.

கோவை, உட்புறத்துல கருப்பு மிச்சம் இருக்கும், பாருங்க. நிழல்ல, வீல் கைக்குச் சூடில்லாம இருக்கும்போது அடிங்க. காயறதுக்குள்ள கழுவிடுங்க. ரிமூவருக்கு அப்புறமும் நிக்கிற புள்ளி தார், அது ஊதா ஆகாது. அதுக்குத் தார் ரிமூவர் தனி. முடிச்சதும் தெருவுக்குள்ள மெதுவா ஓட்டி பிரேக்கை ரெண்டு மூணு தடவை அமுக்கிக் காய விடுங்க.

எண்பதுல நடுக்கம்

தார் ரிமூவர்னதும் ஞாபகம் வந்தது. சர்வீஸ் சென்டர்ல வீல் உட்பக்கம் முழுக்க அதை அடிச்சுத் தேய்ச்சுக் கொடுத்தாங்க, கண்ணாடி கணக்கா இருந்தது. பைபாஸ்ல எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்குது. தொண்ணூறுல டேஷ்போர்ட் பிள்ளையாரும் ஆடுறார். அலைன்மென்ட்ங்கறாங்க, டயர்ங்கறாங்க. கடைசியில ஒரு பஞ்சர் கடைக்காரர் உள்ள கையை விட்டுத் தடவிட்டு, "சார், பேலன்ஸ் வெயிட் எங்க?"ன்னார். வீல் ஆடாம சுத்த உள்பக்கம் ஒட்டி வைக்கிற வெயிட், பசை ஊறி மொத்தமா உதிர்ந்திருக்கு. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். வாஷ் பில்லுல பேலன்சிங் வராதாம்.