சித்திரைத் திருவிழாவுக்கு விலை குறைந்த கலர் ஃபிலிம்: கலர்பிளஸ் 200, கோல்டு 200, புரோ இமேஜ் 100 ஆகியவற்றில் எது?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் சித்திரைத் திருவிழாவைக் கலர் நெகட்டிவ் ஃபிலிமில் எடுக்க விரும்புகிறேன். அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்பதையே ஊர் முழுவதும் பேசும் ஒரு விழாவைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க மனம் வரவில்லை. என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் கே1000 கேமராவும் அதற்குரிய 50 மி.மீ. எஃப்/2 லென்ஸும் மட்டுமே.

கோடாக் நிறுவனத்தின் விலை உயர்ந்த போர்ட்ரா ஃபிலிம் வகைகள் என் சக்திக்கு மீறியவை. அதே நிறுவனத்தின் கலர்பிளஸ் 200, கோல்டு 200, புரோ இமேஜ் 100 ஆகிய மூன்றுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாட்டு நண்பர்கள் பரிந்துரைக்கும் ஃபிலிம்கள் இங்கே கிடைப்பதில்லை. இங்கே கிடைப்பவற்றைப் பற்றி அவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இந்த வேறுபாடு ஏன் என்பதையும் அறிய ஆவல். விழாவுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து என் மைத்துனர் ஊருக்கு வருகிறார். அவரிடம் வாங்கி வரச் சொல்லலாமா?

கடற்கரைச்சாலை (சென்னை) எழுதியது:

வணக்கம். உங்கள் ஊருக்கும் உங்கள் காரியத்துக்கும் நான் முதலில் சொல்வது புரோ இமேஜ் 100. காரணம் நிறத்தைவிட வெப்பம். கோடாக் நிறுவனம் 1997இல் இந்த ஃபிலிமை வெளியிட்டபோது ஆசியா, லத்தீன் அமெரிக்கா போன்ற வெப்பமான சந்தைகளை மனத்தில் வைத்தே வெளியிட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களிலும் இதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் அறை வெப்பநிலையிலேயே சேமிக்கலாம் என்பது அந்நிறுவனமே சொல்லும் தகுதி. திருமண வீடுகளிலும் சிறு ஸ்டுடியோக்களிலும் மனித முகங்களை எடுப்பவர்களுக்காக உருவானது என்பதால், மாநிறத் தோலை மஞ்சளாக்காமலும் சாம்பல் பூக்க விடாமலும் நன்றாகத் தருகிறது. நெடுங்காலம் ஐரோப்பியர்கள் இதை வேறு நாடுகளிலிருந்து வரவழைத்தே வாங்கினார்கள்; 2018 வாக்கில்தான் அங்கே முறையான விற்பனைக்கு வந்தது. நம் பக்கத்து மக்களுக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளை நாமே கண்டுகொள்ளாமல், வேறு நாட்டு ஃபிலிமுக்கு ஏங்கிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இதன் குறை, ஐ.எஸ்.ஓ. 100 என்ற வேகம், அதாவது ஒளியை உணரும் திறன்; இந்த எண் குறையக் குறைய அதிக ஒளி வேண்டும். மாசி வீதிகளில் தேரோட்டத்தின்போது காலை வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் விநாடியில் 250இல் ஒரு பங்கு என்று தாராளமாக எடுக்கலாம். ஆனால் அழகர் வைகையில் இறங்கும் வேளை அதிகாலை. பொழுது புலர்வதற்கு முன் விளக்கொளியில் எடுக்க, உங்கள் லென்ஸின் மிக அகலமான திறப்பான எஃப்/2இல்கூட இந்த ஃபிலிம் போதாது. கையில் பிடித்து எடுத்தால் அசைவு தெரியும். அந்த ஒரு காட்சிக்காக மட்டும் அல்ட்ராமேக்ஸ் 400 ஒரு ரோல் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் விலை குறைந்த வரிசையைச் சேர்ந்ததுதான்.

கலர்பிளஸும் நல்ல ஃபிலிமே. 1980களின் கோடாகலர் வி.ஆர். 200 வழி வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். வண்ணங்கள் சற்று அடங்கியும் பழுப்பேறியும் வரும். பழைய குடும்ப ஆல்பத்தின் சாயலை விரும்புகிறவர்களுக்கு அது பிடிக்கும். பட்டின் பச்சையும் சிவப்பும் பளிச்சென்று வர வேண்டுமானால் கோல்டு 200 மேல்.

எதை வாங்கினாலும் பெட்டியின் மேல் உள்ள காலாவதி மாதத்தைப் பாருங்கள். கடையில் அந்தப் பெட்டி எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த புதிய ஃபிலிமைவிட, குளிரில் இருந்த சற்றுப் பழைய ஃபிலிம் பாதுகாப்பானது.

ஸ்கார்பரோ (டொராண்டோ) எழுதியது:

ஏன் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது என்ற உங்கள் கேள்விக்கு இங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கோடாக் கலர் நெகட்டிவ் ஃபிலிம்கள் அனைத்தும் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் உள்ள ஈஸ்ட்மன் கோடாக் ஆலையில்தான் ஒளியுணர் பூச்சு பூசித் தயாரிக்கப்படுகின்றன. ஆனால் அந்நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரிய பிறகு, 2013இல் ஸ்டில் ஃபிலிம் (சினிமா அல்லாத புகைப்பட ஃபிலிம்) விற்பனை கோடாக் அலாரிஸ் என்ற தனி நிறுவனத்துக்குச் சென்றது. செய்பவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்ற நிலையில், எந்தப் பெயர் எந்தச் சந்தைக்குப் போக வேண்டும் என்பதை அங்குள்ள விநியோகஸ்தரும் பழைய வாடிக்கையுமே தீர்மானித்தன. கலர்பிளஸ் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் சாதாரணமாகக் கிடைத்த காலத்தில் அமெரிக்கக் கடைகளில் வழக்கமாகக் கிடைத்ததில்லை. ஆகவே, உங்களிடம் பேசிய வெளிநாட்டு நண்பர் அதை அறியாததில் வியப்பில்லை.

பெயர் மாறுவதாலேயே சரக்கு மாறிவிடுவதில்லை என்பதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு ஃபியூஜி. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வந்த ஃபியூஜிஃபிலிம் 200 பெட்டியில் அமெரிக்கத் தயாரிப்பு என்று அச்சிட்டிருந்தது. அதன் தொழில்நுட்பக் குறிப்பு கோல்டு 200இன் குறிப்போடு ஏறத்தாழ ஒத்திருந்ததைப் பலர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2025 அக்டோபரில் ஈஸ்ட்மன் கோடாக் தானே நேரடியாகக் கோடாகலர் 100, கோடாகலர் 200 என்ற பெயர்களில் விற்கத் தொடங்கியது. இங்கே இப்போது அதைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அதற்காக நீங்கள் தபால் செலவும் சுங்க வரியும் கட்டி வரவழைக்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

மைத்துனரிடம் வாங்கி வரச் சொல்வது நல்ல யோசனை. ஆனால் ஃபிலிமை அவர் கைப்பையில் வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டிகளுக்கான ஸ்கேனர் கதிர் வலுவானது. கைப்பைக்கும் இப்போது சில விமான நிலையங்களில் வலுவான ஊடுகதிர் பாய்ச்சும் சி.டி. வகை ஸ்கேனர் வந்துவிட்டது. அது ஒரே முறையில் ஃபிலிமில் மூட்டம் ஏற்றிவிடக்கூடும். பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. புரோ இமேஜ் ஐந்து ரோல் கட்டு ஒன்றும் அல்ட்ராமேக்ஸ் ஒரு ரோலும் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். இனி ஒரு கவலை மட்டும் மிச்சம். எங்கள் பகுதியில் ஃபிலிம் கழுவும் லேப் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. கூரியரில் வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டும். படம் சரியாக வராவிட்டால், தவறு ஒளியளவிலா கழுவியதிலா என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

டார்க்ரூம் (கோவை) எழுதியது:

தம்பி, பல ஆண்டுகள் லேப் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த ஃபிலிம்கள் எல்லாமே 1972இல் வந்த சி-41 என்ற கலர் நெகட்டிவ் கழுவும் முறையில்தான் கழுவப்படுகின்றன. உருவத்தை வெளிக்கொணரும் மருந்தான டெவலப்பரில் ஃபிலிம் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி இருக்க வேண்டும். இந்த வெப்பநிலை சற்றே விலகினாலும் நிறம் விலகும். மருந்தின் வலு வேலையின் அளவைப் பொறுத்து மாறுவதால், நாள்தோறும் ரோல் வரும் லேப்பில் மருந்து சீராக இருக்கும்; எப்போதாவது ஒரு ரோல் கழுவும் இடத்தில் மருந்து தொட்டியிலேயே கிடந்து கெடும். எனவே விலையைக் கேட்பதற்கு முன், வாரத்தில் எந்தெந்த நாள் கழுவுகிறீர்கள் என்று கேளுங்கள்.

நெகட்டிவ் கைக்கு வந்ததும் அதை வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முதலில் படத்தைப் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள். பற்சக்கரத் துளைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் ஃபிரேம் எண்களும் இருக்கும். அவை ஆலையிலேயே அளந்த ஒளியில் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அந்த எழுத்துகள் அடர்த்தியாகவும் கூர்மையாகவும் இருந்து, படங்கள் மட்டும் வெளிறியிருந்தால் ஒளி குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். எழுத்துகளே மங்கிக் கிடந்தால் டெவலப்பர் வலுவிழந்திருக்கிறது. லேப்பிடம் தயங்காமல் கேளுங்கள். ஆகவே ஸ்கேன் கோப்புகள் மட்டும் போதும் என்று ஒருபோதும் விட்டுவிடாதீர்கள், நெகட்டிவை வெட்டாமல் திருப்பித் தரும்படி எழுதி அனுப்புங்கள்.

ஒளியளவைப் பற்றி ஒன்று. கலர் நெகட்டிவ் கூடுதல் ஒளியை இரண்டு ஸ்டாப் வரை எளிதாகத் தாங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). குறைவை ஒரு ஸ்டாப்கூட மகிழ்ச்சியாகத் தாங்காது. குடைகள், பந்தல்கள் ஆகியவற்றின் நிழலில் நிற்கும் முகங்களில் ஒளி குறைந்தால், நெகட்டிவில் அந்த இடம் எதுவும் பதியாமல், ஃபிலிமின் அடிநிறமான வெறும் ஆரஞ்சுப் பரப்பாக நின்றுவிடும். ஸ்கேனர் அதிலிருந்து சேறு போன்ற பச்சை கலந்த கருமையைத்தான் எடுக்கும். ஆகவே சற்றுக் கூடுதல் ஒளி கிடைக்கும்படி, கே1000இன் ஐ.எஸ்.ஓ. வளையத்தைப் புரோ இமேஜுக்கு 100இல் வைக்காமல் 64இல் வையுங்கள். மீட்டர் முள்ளை வெள்ளை வேட்டிக் கூட்டத்தை நோக்கியோ வானத்தை நோக்கியோ பிடிக்காமல், நிழலில் உள்ள ஒரு முகத்துக்கு அளந்து, அந்த அளவிலேயே எடுங்கள். மீட்டர் மின்கலத்தையும் விழாவுக்கு முன் மாற்றிவிடுங்கள்.

எடுத்து முடித்த ரோலைக் கார் டேஷ்போர்டிலோ வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள். அறை வெப்பத்தைத் தாங்கும் என்று கடற்கரைச்சாலை சொன்னது பிரிக்காத ஃபிலிமுக்குத்தான். ஒளிபட்ட ஃபிலிமில் பதிந்த உருவம் வெப்பத்தில் மெல்ல மாறத் தொடங்கும் என்பதால், விழா முடிந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். கூரியர் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கட்டு தேங்கிக் கிடக்காதபடி, திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை கொடுப்பது நல்லது.