தட்டை விட்டுச் செடித்தொட்டிக்குப் போகும் பூனைக்குட்டி: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தெருவில் தாய் விட்டுப்போன ஒரு பெண் குட்டியை வீட்டுக்குள் வளர்க்கிறோம். இரண்டு மாதம் இருக்கும் என்றார் டாக்டர். பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் ஆயிற்று. வெறிநோய் ஊசி மூன்று மாத வயதுக்குப் பிறகு. பசும்பால் பேதியாக்கும் என்பதால் குட்டிகளுக்கான ஈர உணவும், உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியும்தான். ("பூனைக்குப் பால் இல்லையா?" என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.)

சிக்கல் கழிப்பிடத்தில். பிளாஸ்டிக் தட்டில் ஆற்று மணல் வைத்திருக்கிறேன். சிறுநீர் அதில்தான் போகிறாள், மலத்துக்கு மட்டும் பால்கனி செடித்தொட்டி. தோண்டி மூடுவது பூனையின் சுபாவம், அதனால் திட்டுவதில்லை. தொட்டி மண் மேல் கூழாங்கல் பரப்பினேன்; பக்கத்துத் தொட்டிக்கு மாறிவிட்டாள். கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம் என்று வீட்டில் கேலி வேறு. ஈரம் பட்டால் கட்டியாகும் கடை மணலை வாங்கத் தயக்கம், கண்டதையெல்லாம் வாயில் போடும் வயசு.

மலத்துக்கென்று தனியாக இரண்டாவது தட்டு வைத்தால் சரியாகுமா? மணலோடு கொஞ்சம் தொட்டி மண்ணைக் கலந்து பழக்கியவர்கள் யாராவது உண்டா? மரத்தூள் வில்லைகள் எப்படி, நாற்றம் அடங்குமா?

அப்புறம், ராத்திரி விளக்கை அணைத்ததும் கால்விரலைக் கடிக்கிறாள். படுக்கும் முன் கயிறு ஆட்டி விளையாடிவிட்டுச் சாப்பாடு கொடுத்தால் கொஞ்சம் அடங்குகிறாள், விடியற்காலையில் மறுபடி ஆரம்பம். அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.