முழங்கால் ஆறிவிட்டது, பயம் இன்னும் ஆறவில்லை

வணக்கம். என் மகள் 52 கிலோ பிரிவில் ஜூடோ ஆடுகிறாள். போன வருடம் எடை குறைக்கப் பட்டினி கிடந்து, சரியான தூக்கமும் இல்லாமல் போட்டிக்குப் போனாள். 4 நிமிடம் சமமாக முடிந்து கோல்டன் ஸ்கோர் என்கிற கூடுதல் நேரம் வந்தது. அதற்கு நேர வரம்பே கிடையாது. களைத்துப்போன காலை ஊன்றித் திரும்பியபோது முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து 10 மாதம். காலில் பலம் வந்துவிட்டது, டாக்டரும் ஆடலாம் என்கிறார். ஆனால் எதிராளி காலரைப் பிடித்ததுமே உடம்பு விறைக்கிறது. விழும்போது கையால் மெத்தையை அடிக்க வேண்டியவள், கையை ஊன்றிவிடுகிறாள். அடுத்து முழங்கை போய்விடுமோ என்று பதறுகிறது.

இதிலிருந்து மீண்டவர்கள், பயிற்சியாளர்கள் யாராவது இருக்கிறீர்களா? விழும் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கலாமா? மதுரைப் பக்கம் விளையாட்டு வீரர்களுக்கான மனநல ஆலோசகர் இருந்தால் சொல்லுங்கள்.